கண்டால் தெரிவிக்கவும்

உள்ளாங்கரையில் அந்தச் சத்தம் முதன்முதலாகக் கேட்டது ஆறு வருஷத்துக்கு முன்னால், பங்குனி மாதத்து இருட்டு ஒன்றில், ஊர் விளக்கணைத்துப் படுத்த பிற்பாடு. பாக்குவெட்டியில் பாக்கை வைத்து அழுத்தினால் அது பிளப்பதற்கு ஒரு நொடி முன்னால் சின்னதாக 'டிக்' என்று வருமே, அப்படி ஒரு சத்தம். முதலில் கடலோரத் தெருவின் கோடி வீட்டில், அப்புறம் அடுத்த வீட்டில், அப்புறம் அதற்கடுத்த வீட்டில், வீட்டுக்கு எத்தனை தலையோ அத்தனை டிக், அவசரமே இல்லாமல், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒருவர் கையைத் துடைத்துக்கொள்கிற அளவுக்கு இடைவெளி விட்டு, காலனி வரைக்கும் போய், திரும்பிப் பெரிய தெருவுக்கு வந்து, விடியற்காலையில் உப்பளத்துப் பக்கம் ஓய்ந்தது. கேட்டவர்கள் பல்லி என்று நினைத்துப் புரண்டு படுத்தார்கள். எழுந்து பார்த்தால் எல்லார் இடது கணுக்காலிலும் ஒரு வளையம் கிடந்தது.

உமியளவு கனம்கூட இல்லாத வெள்ளை உலோகம். அதில் ஓர் எண்ணும், எண்ணுக்குக் கீழே 'கண்டால் தெரிவிக்கவும்' என்ற இரண்டு வார்த்தையும் பொறித்திருந்தது. யாருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று போட்டிருக்கவில்லை. வேதாரண்யத்து ஆசாரி மூன்று அரம் தேய்ந்த பிறகு கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டார். கிராம நிர்வாக அலுவலர் வந்து, இது நகையா, நோயா, எதில் சேர்ப்பது என்று கேட்டு மேலே எழுதினார். பதில் இன்றுவரை வரவில்லை. ஊர்க்காரர்களுக்கு வளையம் வந்தது பெரிய விஷயமாக இல்லை. எண்கள் தெரு பார்த்து வரவில்லை என்பதுதான் பெரிய விஷயமாக இருந்தது. காலனி மாரிமுத்துவுக்குப் பதினேழு, பெரிய தெரு நாட்டாண்மைக்கு இருநூற்று நாற்பது. மாமியாருக்கு முன்னால் மருமகளுக்கு வந்திருந்தது. குழாயடியில் எண் வரிசைப்படி நிற்பதா, வந்த வரிசைப்படி நிற்பதா என்று சித்திரை முழுக்கச் சண்டை நடந்தது. வைகாசியில் பள்ளிக்கூடத்துப் பதிவேட்டில் அங்க அடையாளம் என்கிற இடத்தில் மச்சத்துக்குப் பதில் எண்ணை எழுத ஆரம்பித்தார்கள். கோயிலில் அம்மன் காலில் மட்டும் வளையம் இல்லாததைப் பார்த்து ஊருக்கு மனசு கேட்காமல், வரி வசூலித்து வெள்ளியில் ஒன்று செய்து போட்டார்கள். அதோடு அந்தப் பேச்சு அடங்கியது.

பதினோரு வீட்டுப் பெண்களுக்கு மட்டும் வளையம் வரவில்லை. தங்களை ஒதுக்கிவிட்டதாக அவர்கள் அழுதார்கள். அழுதவர்களைத் தவசுமணிதான் தேற்றினான். அவனுடைய அப்பா காலத்தில் அந்தச் சதுப்பில் கண்ணி வைத்துப் பறவை பிடித்து விற்றார்கள். இவன் காலத்தில், குளிர்காலமானால் வந்து இறங்கும் ஆராய்ச்சிக்காரர்களுக்காக வலை கட்டி, பறவை பிடித்து, துணிப்பையில் போட்டு எடை பார்த்து, காலில் வளையம் மாட்டி விடுகிற கூலிவேலை. "குஞ்சு வெச்சிருக்க பறவை வலையில விழுந்தா வளையம் போட மாட்டோம், ஒடனே விட்டுடுவோம். அது இந்தப் பக்கம் மாட்டிக்கிட்டு நின்னா அங்க குஞ்சு செத்துப்போவும்ல? நம்ம ஊருக்கு வந்தவங்களும் தொழில் தெரிஞ்சவங்கதான்," என்றான். பதினோரு பேரும் இடுப்பில் பால்குடிப் பிள்ளை வைத்திருந்தார்கள். அம்மா பக்கத்தில் இருந்ததால் பிள்ளைகளுக்கும் விட்டுப்போயிருந்தது. அதன் பிறகு ஊரில் ஒரு வழக்கம் வந்தது: பங்குனியில், பறவைகள் வடக்கே புறப்படும் வாரத்தில், அந்தியில் குழந்தையை ஒரு வீட்டில் தூளியில் போட்டு, கதவைச் சும்மா சாத்தி வைத்துவிட்டு, தாய் குழாயடிக்குப் போய் நிற்க வேண்டும், டிக் கேட்டதும் வந்து எடுத்துக்கொள்ளலாம்.

அப்புறம் கார்டுகள் வர ஆரம்பித்தன. ஊரை விட்டுப் போனவர்கள் எந்த மூலையில் இருந்தாலும், யாரோ கண்டு, யாரோ எழுதி, தபால்காரர் பையில் வந்து சேர்ந்தது. திருப்பூரில் கண்டது. ஷார்ஜாவில் கண்டது. ஓடிப்போன புருஷன் ஓசூரில் பரோட்டாக் கடையில் கண்டது. இந்தச் செய்தி நாகப்பட்டினம் வரை வந்து, ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் இலை போட்டுக் காத்திருந்த ஜெசிந்தாவின் காதில் விழுந்தது. அன்றைக்கு அவள் பாயசம் சாப்பிடவில்லை.

ஜெசிந்தாவுக்கு இருபத்தைந்து வயது, ஏழு மாதத்தில் எமில்டா என்று ஒரு பெண் குழந்தை, திருச்சியில் வேலை பார்த்து வாராவாரம் வந்து போகிற புருஷன், யாரிடமும் சொல்லாத ஒரு பயம். பிரசவ ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள், குளிப்பாட்டக் கொண்டுபோன ஆயா திருப்பிக் கொடுத்த குழந்தைக்கு அவள் பால் கொடுத்துக்கொண்டிருந்தபோது, அடுத்த வார்டுக்காரி ஒருத்தி முக்காடு நழுவ ஓடிவந்து, "அது எம்புள்ள," என்றாள். காலில் கட்டிய சீட்டு தண்ணீரில் ஊறிக் கழன்றிருந்தது. குழந்தையை மாற்றிக்கொண்டார்கள். எல்லாரும் சிரித்தார்கள், ஜெசிந்தாவும் சிரித்தாள். ஆனால் பதினோரு நிமிஷம் பால் கொடுத்ததில் ஒரு நிமிஷம்கூட இது வேறு குழந்தை என்று தனக்குத் தோன்றவில்லை என்பதை அவள் பாவசங்கீர்த்தனத்தில் பாதிரியாரிடம்கூடச் சொல்லவில்லை. கான்வென்ட்டில் சிஸ்டர் கற்றுக்கொடுத்தபடி ஓரம் மடித்துக் கோடு போட்ட நோட்டில், குழந்தை ராத்திரி எத்தனை மூச்சு விட்டது, எத்தனை தடவை உதட்டைக் குவித்தது, எந்தக் காதின் பின்னால் நரம்பு பச்சையாகத் தெரிந்தது என்று எழுதி வைத்தாள். எழுதியதைக் காலையில் படித்தால், எந்த ஊரில் எந்தக் குழந்தைக்கும் அது பொருந்தும்போல இருந்தது.

ஆகவே, கூடப் படித்தவளும், இப்போது அதே கான்வென்ட்டில் விலங்கியல் டீச்சராக இருப்பவளுமான ஆமினா, "பங்குனி முடியறதுக்குள்ள உள்ளாங்கரைக்குப் போய் ஒருநாள் பறவை பாத்துட்டு வருவோம், வர்றியாடி?" என்று பேச்சுக்குக் கேட்டபோது, பத்து வருஷமாக எதற்கும் வராத ஜெசிந்தா, வருகிறேன் என்றாள்.

முதல் பஸ்ஸில் போய் இறங்கினார்கள். தவசுமணி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றான். லுங்கியை மடித்துக் கட்டியிருந்ததில் வளையம் வெயிலில் பளிச்சிட்டது. ஆமினா தொலைநோக்கியைத் தூக்கி, நாலடி தூரத்திலிருந்து அவன் காலைப் பார்த்து, "எழுபத்திரண்டு," என்று படித்தாள்.

"எழுதிக்குங்க டீச்சர். ஆண். வயசு நாப்பத்தஞ்சு. இந்தப் பக்கம் நிறையக் கெடைக்கும்," என்றான் தவசுமணி.

"நாப்பது வகை பாக்காம இன்னிக்கு ஊர் திரும்பறதில்ல. ஒங்களையும் சேத்தா ஒண்ணு ஆச்சு."

"சேத்துக்குங்க. போன வாரம் மெட்ராஸ்லேருந்து நாலு பேரு வந்தாங்க. கால்சட்டையில ஆளுக்கு எட்டுப் பாக்கெட்டு. ஒண்ணுலயாச்சும் ஒரு பீடி இருக்கணுமே? இல்ல."

உப்பளத்து வரப்பில் நடந்தார்கள். இரண்டு பக்கமும் பாத்திகளில் தண்ணீர் ரோஜா நிறத்தில் கெட்டிப்பட்டுக் கிடந்தது, அதற்கப்பால் சதுப்பு, சதுப்புக்கப்பால் கடல் என்று சொல்லப்பட்ட ஒரு வெள்ளைக் கோடு, அந்தக் கோட்டுக்கும் இவர்களுக்கும் நடுவில் ஆயிரக்கணக்கில் உள்ளான் குருவிகள், புறப்படப்போகிற வீட்டில் ஆட்கள் சாப்பிடுவதுபோல நின்றபடி, பேசாமல், வேகவேகமாகத் தின்றுகொண்டிருந்தன. பூநாரைகள் தூரத்தில் ஒரு சிவந்த வேலியாகத் தெரிந்தன. தவசுமணி பெயர் சொல்லச்சொல்ல ஆமினா எழுதினாள், சத்தம் போட்டாள், சேற்றில் ஒரு செருப்பை விட்டுவிட்டு எடுத்தாள். ஜெசிந்தா குழந்தைக்குக் குடை பிடித்தபடி, பறவைகளின் கால்களை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தாள்.

"நீ குருவி பாக்க வந்தியா, கொலுசு பாக்க வந்தியா?" என்றாள் ஆமினா.

"வளையம் போட்டது ஏதாச்சும் இருக்கான்னு பாக்கறேன்."

தவசுமணி ஒன்றைக் காட்டினான். கைப்பிடிக்குள் அடங்கிவிடுகிற உருவம், வளைந்த மூக்கு, இடது காலில் மங்கிய வளையம். "அம்பது கிராம் வரும். நான் போட்டதாத்தான் இருக்கும், மூணு வருஷம் முந்தி. ரஷ்யா வரைக்கும் போயிட்டு வருது. போற எடத்துல எவனாச்சும் புடிச்சா நம்பரப் பாத்து எழுதிப் போட்டுட்டு திரும்ப விட்டுடுவான்."

"திரும்ப விடாம வெச்சுக்கிட்டா?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

"எதுக்கு வெச்சுக்கறது? எங்க இருக்குன்னு தெரிஞ்சா போதாதா?" என்றான் அவன்.

போதும் என்றுதான் ஜெசிந்தாவும் நினைத்தாள். அன்றைக்கு முழுவதும் அவளுக்கு நடந்தவற்றிலேயே அந்த ஒரு வாக்கியம்தான் குளிர்ந்த தண்ணீர்போல உள்ளே இறங்கியது.

மத்தியானம் தவசுமணி வீட்டில் அவன் மனைவி அஞ்சம்மாள் மடவை மீன் குழம்பு வைத்திருந்தாள். ஆமினா சாப்பிட்டுக்கொண்டே முப்பத்தாறு என்று கணக்குச் சொன்னாள். ஜெசிந்தா சாப்பாட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, குழந்தையின் காலை முந்தானையால் மூடியபடி, "அக்கா, இன்னிக்கு சாயங்காலம் இங்க தூளி கட்ட முடியுமா?" என்று கேட்டாள்.

ஆமினாவின் கை சோற்றில் நின்றது. "அடிப்பாவி. இதுக்குத்தான் வந்தியா? எனக்குக் கூட்டாளியா நீ வந்தேன்னுல்ல நெனச்சேன்டி."

"ஒனக்குப் பிள்ள இல்ல, ஒனக்குத் தெரியாது."

"ஆமாமா. பிள்ள பெத்தவளுக்குத்தான் மூள முழுசா இருக்கும். அது காலப் பாத்தியா, அவரைக்காய் மாதிரி இருக்கு, அதுல போய் நம்பர் போடணுமா?"

அஞ்சம்மாள் இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்தாள். வெளியூர்க் குழந்தைக்குக் கட்டக்கூடாது என்று ஊரில் யாரும் சொன்னதில்லை. போன வருஷம் திருத்துறைப்பூண்டியிலிருந்து ஒரு வக்கீல் வீட்டார் காரில் வந்து போட்டுக்கொண்டு போயிருந்தார்கள். அவள் எழுந்து அலமாரியிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்து, மூடியை நெம்பித் திறந்து, கார்டுகளைத் தரையில் வரிசையாக வைத்தாள். அவளுடைய மகன் கலைவாணன் வளையம் வந்த வருஷமே மலேசியாவுக்குப் போனவன். அவன் மட்டுமில்லை, அந்த வயதில் ஊரில் இருந்த பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போனார்கள். வளையம் இல்லாத ஊர்களிலிருந்தும் போனார்கள் என்பதால் யாரும் வளையத்தைக் குறை சொல்லவில்லை. முப்பத்தொரு கார்டு இருந்தது. எல்லாம் ஒரே கையெழுத்தில், ஒரே நீல மையில்.

ஜெசிந்தா ஒன்றை எடுத்துப் படித்தாள். எண் 305. கண்ட இடம், சிரம்பான், பேருந்து நிலையம் அருகில். எடை 61. உடல்நிலை நலம். மீண்டும் விடப்பட்டது.

அடுத்ததை எடுத்தாள். கண்ட இடம், ஈப்போ. எடை 61. உடல்நிலை நலம், இடது கையில் சிறு காயம், ஆறிவருகிறது. மீண்டும் விடப்பட்டது.

"காயம்கூடப் போட்டிருக்காங்க," என்றாள் ஜெசிந்தா, மூச்சை இழுத்துக்கொண்டு. கான்வென்ட்டில் எட்டு வருஷம் படித்தும் அவளால் எழுத முடியாத நோட்டை வேறு யாரோ எழுதிக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாம் போடுவாங்க. ஒருதடவ பல்லு ஒண்ணு எடுத்துருக்குன்னு போட்டுருந்துச்சு."

மாலையில் ஆமினா முப்பத்தொன்பதோடு நின்றாள். நாற்பதாவதைத் தேடி அவள் சதுப்புக்குத் திரும்பப் போகவில்லை. மூன்று மணி பஸ்ஸும் நாலரை மணி பஸ்ஸும் போயின. ஏழு மணிக்குக் கடைசி பஸ். அஞ்சம்மாள் முன்னறை உத்திரத்தில் தன் பழைய நூல்புடவையால் தூளி கட்டினாள். ஜெசிந்தா குழந்தைக்குப் பால் கொடுத்து, தோளில் போட்டுத் தட்டி, நெற்றியில் சிலுவை வரைந்து, தூளியில் கிடத்தினாள். எமில்டா தூங்கவில்லை; உத்திரத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தது. ஏழு மாதத்தில் அந்தக் குழந்தை இருந்த அறையை விட்டு ஜெசிந்தா வெளியே வந்ததில்லை. குளிக்கப் போனால் குளியலறை வாசலில் தொட்டிலை இழுத்துப் போட்டுக்கொண்டுதான் குளித்தாள். இப்போது கதவைச் சாத்திவிட்டு, அறுபது எட்டு நடந்து, குழாயடிக்கு வந்து நின்றாள்.

சூரியன் உப்பளத்துக்குப் பின்னால் போய்விட்டது, ஆனால் வெளிச்சம் போகவில்லை, பாத்தி ஒவ்வொன்றும் தன் பங்கு வெளிச்சத்தை விடாமல் பிடித்து வைத்திருந்தது. அந்த வெளிச்சத்திலிருந்து பறவைகள் எழும்பின. முதலில் ஒரு நூறு, பிறகு அவற்றுக்குக் கீழிருந்து ஓர் ஆயிரம், பாயை உதறியது போல, உதறிய பாய் கீழே வராதது போல. ஊர்மேல் ஒரு சுற்று சுற்றி, குரல் கொடுத்து, வடக்கே திரும்பின. ஆமினாகூட எண்ணவில்லை.

"எவ்வளவு நேரம் ஆவும் அக்கா?" என்றாள் ஜெசிந்தா.

"பத்து நிமிஷம். மிஞ்சிப்போனா கால்மணி. நீ அங்கயே பாக்காத தங்கச்சி, பாத்தா வர மாட்டாங்க. எங்கிட்ட பேசிக்கிட்டு இரு."

ஜெசிந்தா பேசுவதற்கு ஏதாவது தேடினாள். மார்பில் பால் கட்டி, ரவிக்கை நனைய ஆரம்பித்திருந்தது. கைகளைக் குறுக்கே கட்டிக்கொண்டாள். "ஒங்க பையன் போன் பண்ணுவாரா?"

"மொதல்ல பண்ணுவான். ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம. சாப்ட்டியாம்பேன், சாப்ட்டேம்பான். ஒடம்பு எப்பிடிம்பேன், நல்லாருக்கும்பான். அப்புறம் கார்டு வர ஆரம்பிச்சதும் அதான் கார்டு வருதேம்மான்னான். நானும் சரிதானேன்னேன். அவனுக்கும் ஒரு வேல மிச்சம், எனக்கும் ஒரு வேல மிச்சம்." அஞ்சம்மாள் குழாயை இறுக்கி மூடினாள், அது சொட்டிக்கொண்டுதான் இருந்தது. "மொதோ கார்டு வந்தப்ப அதக் கட்டிப் புடிச்சு ராத்திரிபூராக் கெடந்தேன். இப்பல்லாம் வந்தா டப்பாவுல போட்டுட்டு ஒலையப் பாக்கப் போயிடுவேன். மனசு கெடந்து அடிச்சுக்காது பாரு. அதான் இதுல சொகம்."

"பேசி எவ்வளவு நாள் ஆச்சு?"

"மூணு வருஷம் இருக்கும். நாலா?"

ஆமினா திரும்பிப் பார்த்தாள். ஜெசிந்தா குரலைத் தாழ்த்தி, கேட்கக்கூடாததைக் கேட்பதுபோல, "அவர் குரல் எப்படி இருக்கும் அக்கா?" என்றாள்.

அஞ்சம்மாள் யோசித்தாள். முகத்தில் வருத்தம் ஒன்றும் இல்லை; அடுக்களையில் எங்கேயோ வைத்த கரண்டியைத் தேடுகிறவள் முகம்தான் அது. தலைக்கு மேலே கடைசிக் கூட்டம் போய் முடிகிற வரைக்கும் யோசித்தாள்.

"எட ஞாபகம் இருக்கு," என்றாள். "அறுவத்தொண்ணு."

ஜெசிந்தா ஓடினாள். கான்வென்ட் விளையாட்டு விழாக்களில் மயக்கம் என்று சொல்லி மர நிழலில் உட்கார்ந்துவிடுகிற ஜெசிந்தா, புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு அந்த அறுபது எட்டையும் இருபதாக ஓடினாள். "ஏய், இன்னும் சத்தம் கேக்கலடி!" என்று ஆமினா கத்தினாள், சந்தோஷத்தில் கத்தினாளா, பயந்து கத்தினாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

முன்னறை இருட்டாக இருந்தது. தூளி கீழே தணிந்து, ஒருபக்கம் மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது, துணிப்பையில் போட்டு எடை பார்க்கும்போது திரும்புமே அப்படி. எமில்டா அழவில்லை. அதன் இடது கால் மட்டும் துணிக்கு வெளியே, காற்றில், ஒரு சாண் உயரத்தில் நின்றது. பாதத்தை இரண்டு விரலால் யாரோ பதமாகப் பிடித்திருப்பதுபோலக் கட்டைவிரல் தனியாக விரிந்திருந்தது. அறையில் வேறு யாரும் இல்லை. ஜெசிந்தா வாசலைத் தாண்டி உள்ளே கால் வைத்தாள். குழந்தையின் கால் சற்று யோசித்தது. பிறகு, தொழில் தெரிந்தவர்கள் கீழே வைப்பது போல, வலிக்காமல், மெதுவாகத் தூளிக்குள் இறங்கியது.

அவள் குழந்தையை வாரி எடுத்துக் கணுக்காலைத் தடவிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. மடிப்பு மடிப்பாகச் சதை, வியர்வை, நூல்புடவைப் பிசிறு ஒன்று. எந்த ஊரிலும், எந்தக் குழந்தைக்கும் இருக்கிற கால்.

வெளியே அஞ்சம்மாளின் குரல் கதவருகே வந்திருந்தது. "தங்கச்சி, அவசரப்பட்டுட்டியே. பரவாயில்ல, வெளிய வந்துடு, அவங்க இன்னும் போயிருக்க மாட்டாங்க, ரெண்டே நிமிஷம். நாளைக்கு இது எங்கயாச்சும் போயிட்டா என்ன செய்வ? எங்கன்னு தேடுவ?"

"தேடுவேன் அக்கா," என்றாள் ஜெசிந்தா.

"எப்படித் தெரியும் ஒனக்கு, இதுதான்னு?"

பயம் முழுசாக அப்படியே இருந்தது, காலையில் பஸ்ஸில் ஏறும்போது எவ்வளவு இருந்ததோ அவ்வளவு. குழந்தை அந்தப் பயத்தின்மேலேயே தலையைச் சாய்த்து, நனைந்த ரவிக்கையை வாயால் தேட ஆரம்பித்திருந்தது. தவசுமணியின் குரல், "வா புள்ள, விடு. அது குஞ்சு வெச்சிருக்கு," என்று மனைவியிடம் சொன்னது. ஆமினா, "ஜெஸி, கடைசி பஸ் போயிடும்டி," என்றாள். ஒரு நிமிஷம் கழித்து, "போனா போவுது, நான் இங்கயே ஒக்காந்திருக்கேன், நீ குடுத்து முடி," என்று வாசற்படியில் உட்காருகிற சத்தம் கேட்டது.

கதவு தானாக இரண்டு விரற்கடை திறந்து நின்றது. ஜெசிந்தா அதை முதுகால் சாத்தினாள். தாழ்ப்பாளைக் கையால் தேடிப் பிடித்தாள். உப்புக்காற்றில் துருவேறி, வளையத்தோடு ஒட்டிப் போயிருந்தது. அந்த ஊரில் யார் வீட்டிலும் பங்குனியில் அதற்கு வேலை இருந்ததில்லை. ஒரு கையால் முடியவில்லை. குழந்தையை இடுப்புக்கு மாற்றி, தோளைப் பலகையில் கொடுத்துக் கதவைத் தூக்கிப் பிடித்து, உள்ளங்கை கிழிய அசைத்தாள், அசையவில்லை, மறுபடி அசைத்தாள், துரு உதிர்ந்தது, தாழ்ப்பாள் ஓர் அங்குலம் நகர்ந்தது, நின்றது, பிறகு கடைசிவரைக்கும் போய் விழுந்தது.